காய்கறி தொடுகறி மட்டும்தானா?

சோற்றுடன் உண்ணும் காய்கறிப் பதார்த்தத்தை நாம் ‘தொடுகறி’ என்று அழைக்கிறோம். ‘தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?’ என்பது நம் வீடுகளில் நாள்தோறும் எழும் கேள்வி. நமது உணவு முறையின் பெருங்குறை இந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது எனலாம். சோறே உணவு என்றும், காய்கறி அந்தச் சோற்றை உள்ளே இறக்குவதற்கான துணை என்றும் நாம் கருதி வந்திருக்கிறோம். அதனால்தான் தட்டு நிறையச் சோறும், அதன் ஓரத்தில் ஒரு கரண்டிக் காயும் என்ற வழக்கம் நிலைபெற்றுவிட்டது.

இதில் வியப்பு யாதெனில், காய்கறியை விளைவிப்பவர்களே நாம்தாம். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நாள்தோறும் வந்து குவியும் முருங்கையும் கத்தரியும் வெண்டையும் தக்காளியும் கேரளம் வரை செல்லுகின்றன. அவற்றை அனுப்பும் குடியானவர் வீட்டில் இரவு உணவு பல நாட்களில் சோறும் ரசமும் அப்பளமுமாகவே முடிந்துவிடுகிறது. விலைபோகும் காய் சந்தைக்குப் போகிறது. விலைபோகாத காய் மாட்டுக்குப் போகிறது. வீட்டு அடுப்புக்கு வருவது மிகச் சொற்பமே.

பல காய்களையும் கீரையையும் கிழங்கையும் பயற்றையும் தக்க முறையில் சேர்த்தால், அவையே வயிறு நிறையும் உணவாகும் என்பதையும், அதற்குப் பெருஞ்செலவோ புதிய பாத்திரமோ தேவையில்லை என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

கவலைக்குரிய நிலை

நம் மாநிலத்தில் பட்டினி பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. நியாய விலைக் கடைகளில் அரிசி கிடைக்கிறது. ஆயினும் வயிறு நிறைவது வேறு. உடல் ஊட்டம் பெறுவது வேறு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 57 பேர் இக்குறையுடன் இருந்தனர். களையெடுக்கும் பெண் நண்பகலிலேயே களைத்து உட்காருவதற்கும், பள்ளிப் பிள்ளை பாடத்தில் கவனமின்றிச் சோர்ந்திருப்பதற்கும் பல சமயங்களில் காரணம் சோம்பல் அன்று. இரத்தத்தில் உள்ள குறைவே ஆகும்.

இவ்விஷயத்தில் நம் வீட்டு வழக்கம் ஒன்றையும் கூறாமல் இருக்க இயலாது. ஆண்கள் முதலில் உண்கிறார்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் தாய். அவள் உட்காரும்போது பானையில் சோறு இருக்கும்; சட்டியில் காய் இராது. மிஞ்சிய குழம்பையும் ஊறுகாயையும் கொண்டு அவள் பசியாறுகிறாள். கருவுற்றிருக்கும் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் இதே நிலைதான். காய்கறி தொடுகறியாக இருக்கும் வரை அது முதலில் உண்பவருக்கே போதும். அது உணவாகவே ஆகும்போதுதான் கடைசியில் உண்பவருக்கும் கிட்டும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், ஒருவர்க்கு நாள் ஒன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. தானியம் 250 கிராம் போதும் என்பதும் அதே வழிகாட்டுதலின் கருத்து. நம் வீடுகளில் இந்த இரண்டு அளவுகளும் தலைகீழாக இருப்பதை ஒவ்வொருவரும் தம் தட்டைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

குன்னூரில் நடந்த ஆராய்ச்சி

இந்த நிறுவனம் தோன்றிய இடம் நமது நீலகிரி மாவட்டமே என்பது பலர்க்கும் தெரியாத செய்தி. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ அறிஞர் ஒரு சிறிய ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது.

மெக்காரிசன் நம் நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அப்படியே சமைத்து, எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை சேர்ந்த பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட வங்காள, சென்னை மாகாண உணவுகளை உண்டவை வளர்ச்சியில் பின்தங்கி நின்றன. அரிசியை உண்ணலாகாது என்பது இதன் பொருள் அன்று. அரிசியுடன் வேறு பல பொருள்களும் தாராளமாகச் சேர வேண்டும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். பாலும் வெண்ணெயும் எல்லார்க்கும் கிட்டுவது அரிது. ஆனால் காயும் கீரையும் பருப்பும் நம் கைக்கு எட்டியவையே.

காய் உண்டால் பசி தீருமா?

‘காயை மட்டும் தின்றால் பசி அடங்குமா?’ என்று உழைப்பாளிகள் கேட்பது நியாயமே. வெள்ளரிக்காயில் 100க்கு 95 பங்கு நீர். சுரை, புடல், பூசணி ஆகியவையும் பெரும்பாலும் நீரே. இவற்றை மட்டும் வேகவைத்து உண்டால் ஒரு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும். ஆகவே நிறைவான காய்கறி உணவுக்கு நான்கு உறுப்புகள் வேண்டும்.

முதலாவது, உடலுக்குச் சக்தி தரும் கிழங்கு அல்லது வாழைக்காய். இரண்டாவது, புரதம் தரும் பருப்பு அல்லது பயறு. பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு போன்றவற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராமோ அதற்கு மேலுமோ புரதம் உண்டு. மூன்றாவது, கீரையும் நீர்க்காய்களும். தாது உப்புகளும் வைட்டமின்களும் நார்ச்சத்தும் இவற்றிலிருந்து கிடைக்கின்றன. நான்காவது, சிறிதளவு கொழுப்பு. தேங்காய்த் துருவல், வறுத்த நிலக்கடலை, எள், தாளிக்கும் எண்ணெய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். இக்கொழுப்பினால் உணவு வயிற்றில் சற்று நேரம் தங்குகிறது. நாவுக்கும் சுவை கூடுகிறது. கீரையிலும் பூசணியிலும் கேரட்டிலும் உள்ள, கண்ணுக்கு நன்மை செய்யும் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்கும் கொழுப்பு அவசியம்.

இந்த நான்கும் சேர்ந்தபின், வழக்கமாக உண்ணும் சோற்றில் பாதியளவு இருந்தாலே போதுமானது. களியோ, கம்பஞ்சோறோ, தினைச்சோறோ ஆனால் இன்னும் நலம்.

இம்முறை நமக்குப் புதியதும் அன்று. திருவாதிரைக் களியுடன் ஏழு காய் சேர்த்த குழம்பு வைப்பதும், பொங்கலன்று புதுக் காய்களையெல்லாம் ஒரே சட்டியில் இட்டுக் கூட்டுச் செய்வதும், நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் அவியல் செய்வதும், இராமநவமிக்குப் பாசிப்பருப்பும் வெள்ளரியும் கலந்து கோசுமல்லி செய்வதும் நம் முன்னோர் கண்ட வழிகளே. பண்டிகை நாளில் மட்டும் நாம் செய்வதைச் சாதாரண நாளிலும் செய்ய வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

பச்சையும் வெந்ததும்

சில சத்துகள் நெருப்பைத் தாங்கா. வேறு சில பொருள்கள் நெருப்பில் வெந்தால்தான் உடலுக்குப் பயன்படும். வைட்டமின் ‘சி’ நீரில் கரைவது, சூட்டில் அழிவது. ஆகவே அதனைப் பெற எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய், முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பச்சையாகச் சிறிதேனும் உண்பது நல்லது. கீரையையும் பயற்றையும் கிழங்கையும் வேகவைத்தே உண்ண வேண்டும்.

பச்சையையும் வெந்ததையும் ஒரே வேளையில் உண்பதில் ஒரு தனி நன்மை உண்டு. கீரையிலும் பயற்றிலும் இரும்புச் சத்து இருந்தாலும், அதில் சிறு பகுதியையே உடல் எளிதில் ஏற்கிறது. அதே வேளையில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ பச்சைத் தக்காளியோ சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் ‘சி’ அந்த இரும்பை உடல் மேலும் நன்றாக ஏற்கத் துணை செய்கிறது. இதற்கு மாறாக, உணவுடன் அருந்தும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கின்றன. ஆகையால் கீரை உண்ட வேளையில் எலுமிச்சை ஒரு மூடி பிழிந்துகொள்வதும், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி அருந்துவதும் காசு செலவில்லாத மருந்தாகும்.

சத்து வீணாகாமல் சமைக்கும் முறை

வாங்கிய சத்தில் பாதியை நாம் அடுக்களையிலேயே இழந்துவிடுகிறோம். அதைத் தடுக்கச் சில எளிய வழிகளைக் கூறுவோம்.

காயை முதலில் கழுவிப் பிறகு நறுக்க வேண்டும். நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். சமைப்பதற்குச் சற்று முன்னரே நறுக்குவதும், பொடிப்பொடியாக அரியாமல் பெரிய துண்டுகளாக நறுக்குவதும் நல்லது. குறைந்த நீரில், பாத்திரத்தை மூடி, வெந்த பதத்தில் இறக்கிவிட வேண்டும். வேகவைத்த நீர் மிகுந்தால் அதைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துக்கொள்ளலாம். நிறம் மாறாதிருக்கவும் விரைவில் வேகவும் சோடா உப்புச் சேர்ப்பவர் உண்டு; அது வைட்டமின்களைக் கெடுக்கும்; ஆதலால் அதை விலக்க வேண்டும். புளியைக் காய் வெந்தபின்னரே ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் காய் வேக நேரமும் விறகும் அதிகமாகும். இரும்புச் சட்டி இருக்குமாயின் அதிலே கூட்டுச் செய்யலாம். சிறிதளவு இரும்பு உணவில் சேரும்.

எறிந்துவிடும் பாகங்களையும் பயன்படுத்த வேண்டும். முள்ளங்கியின் இலை நல்ல கீரை. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு ஆகும். வாழையில் தண்டு, பூ, காய் ஆகிய மூன்றும் உணவே. பூசணியின் இளந்தளிரும் சமைக்கத் தக்கது. சந்தையில் தள்ளுபடியாகும் கோணல் காயும் சிறு காயும் கூட்டுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. பூச்சி அரித்த பகுதியை மட்டும் நீக்கினால் போதும்.

ஐந்து பேருக்கு மூன்று உணவுகள்

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பருவத்துக்கு ஏற்ற மூன்று உணவுகளை இங்கே கூறுகிறோம். அளவுகளைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு காய் இல்லையேல் அதே இனத்தைச் சேர்ந்த வேறு காயைச் சேர்க்கலாம்.

தை, மாசியில் ஏழு காய்க் கூட்டு: சேனைக்கிழங்கு 200 கிராம், வாழைக்காய் 200 கிராம், பச்சை மொச்சை 150 கிராம், அவரை 200 கிராம், சர்க்கரைவள்ளி 200 கிராம், கத்தரி 150 கிராம், பூசணி 300 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். துவரம் பருப்பு 150 கிராமைத் தனியே வேகவைத்துக்கொள்ளலாம். சட்டியில் இரண்டு தம்ளர் நீரைக் கொதிக்கவிட்டு, மஞ்சள் தூளுடன் முதலில் சேனையையும் மொச்சையையும் இட்டு மூட வேண்டும். அவை பாதி வெந்தபின் வாழைக்காய், சர்க்கரைவள்ளி, அவரை ஆகியவற்றையும், கடைசியாகக் கத்தரியையும் பூசணியையும் சேர்க்க வேண்டும். எல்லாம் வெந்ததும் சிறிது புளிக்கரைசல், உப்பு, வெந்த பருப்பு ஆகியவற்றைக் கலந்து, ஒரு மூடித் தேங்காயுடன் கொத்தமல்லி விதையும் சீரகமும் மிளகாயும் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் தாளித்து இறக்கலாம். இதனுடன் துருவிய முள்ளங்கியும் கேரட்டும் அரை கிலோ எடுத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து வைக்க வேண்டும். கூட்டில் தலைக்கு 280 கிராமும், பச்சையில் 100 கிராமும் சேர்ந்து, நாளைக்கு வேண்டிய காய்கறி ஏறக்குறைய இந்த ஒரு வேளையிலேயே கிடைத்துவிடுகிறது.

சித்திரை, வைகாசியில் கோசுமல்லியும் கீரை மசியலும்: பாசிப்பருப்பு 150 கிராமை ஒரு மணி நேரம் நல்ல நீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். வெள்ளரி 500 கிராம், கேரட் 250 கிராம், புளிப்பான மாங்காயில் பாதி ஆகியவற்றைத் துருவியோ சிறிதாக நறுக்கியோ பருப்புடன் கலக்க வேண்டும். அரை மூடித் தேங்காய்த் துருவலும் கொத்தமல்லித் தழையும் சேர்த்துக் கடுகு தாளித்துக் கொட்டினால் கோசுமல்லி ஆயிற்று. உப்பை உண்ணும் வேளையில் சேர்த்தால் நீர் விடாது. முதியோர்க்கும் சிறுவர்க்கும் பருப்பைச் சற்று ஆவியில் வேகவைத்துச் சேர்க்கலாம். இதனுடன் அரைக்கீரை 500 கிராமைப் பூண்டு, சிறிது பருப்புடன் வேகவைத்து மசித்து, கேழ்வரகுக் களியுடன் உண்டால் வெயில் காலத்துக்கு ஏற்ற உணவாகும்.

ஐப்பசி, கார்த்திகையில் பயறும் முருங்கைக்கீரையும்: தட்டைப்பயறு 200 கிராமை இரவே ஊறவைத்து, காலையில் நன்கு வேகவைக்க வேண்டும். உருவிய முருங்கைக்கீரை 250 கிராமைச் சின்ன வெங்காயத்துடன் எண்ணெயில் வதக்கி, மூடி வேகவைத்துப் பயற்றுடன் கலந்து, வறுத்துப் பொடித்த நிலக்கடலை 50 கிராமைத் தூவ வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு முக்கால் கிலோவை ஆவியில் அவித்து உடன் வைக்கலாம். நறுக்கிய தக்காளியும் வெங்காயமும் அரை கிலோ எடுத்துத் தயிரில் கலந்த பச்சடி இதற்குத் துணை. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. வேலியோரத்தில் நிற்கும் இம்மரம் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை இதனால் உணரலாம்.

இம்மூன்றிலும் ஒரு விதியை மறக்கலாகாது. சமைத்து இறக்கியவுடன் ஐந்து பங்காகப் பிரித்து, தாயின் பங்கையும் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். அதன் பிறகே பரிமாற வேண்டும். எல்லாரும் சேர்ந்து அமர்ந்து உண்பார்களாயின் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

கவனிக்க வேண்டியவை

பச்சையாக உண்ணும் காயைத் தூய நீரில் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையேல் மண்ணிலுள்ள குடற்புழு முட்டைகள் வயிற்றுக்குள் செல்லும். சாக்கடை நீர் பாயும் இடத்தில் விளைந்த காயையும் கீரையையும் பச்சையாக உண்ணவே கூடாது. பூச்சிமருந்து தெளித்த வயலில், மருந்துப் புட்டியின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே காய் பறிக்க வேண்டும். விற்பனைக்கு ஒரு வயல், வீட்டுக்கு ஒரு பாத்தி என்று மருந்தில்லாப் பாத்தியைத் தனியே வைத்துக்கொள்ளும் விவசாயி, மருந்தடித்த காயை உண்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளையே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரவள்ளிக் கிழங்கையும், மொச்சை, அவரை விதைகளையும் பச்சையாக உண்ணலாகாது. அவற்றில் உள்ள நச்சுப் பொருள் நன்கு வெந்த பின்னரே நீங்கும். சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவை கசந்தால் அவற்றைச் சமைக்காமல் எறிந்துவிட வேண்டும். கசக்கும் சுரைச் சாறு உயிருக்கே கேடு விளைவிக்கும். பச்சை நிறம் கொண்ட உருளைக்கிழங்கும் ஆகாது. சிறு குழந்தைகளுக்குக் காய்களைத் துண்டாகக் கொடுக்காமல் துருவியோ மசித்தோ கொடுக்க வேண்டும்; துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கைக் குறைத்துக் கீரையையும் நீர்க்காயையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

காய்கறி எல்லாவற்றையும் தந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. வைட்டமின் ‘பி12’ காய்களில் இல்லை; பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இயன்ற அளவு சேர வேண்டும். இரத்தசோகை என்று கண்டறியப்பட்டவர்கள் கீரையை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. கிராமச் செவிலியர் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் உண்டு, இவ்வுணவையும் உண்டால்தான் குணம் நிலைக்கும்.

காய்க்கு எங்கே போவது?

ஐந்து பேருக்கு நாள்தோறும் இரண்டு கிலோ காய்கறியைக் கடையில் வாங்குவது ஏழைக் குடும்பத்துக்கு இயலாத காரியம் என்பதை நாம் அறிவோம். ஆகவே இந்த உணவின் தொடக்கம் அடுக்களையில் இல்லை, கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

குளித்த நீரும் அரிசி கழுவிய நீரும் வீணே தேங்கிக் கொசுவை வளர்க்கும் இடத்தில் ஒரு வாழையும் ஒரு பப்பாளியும் வைக்கலாம். வேலியோரத்தில் முருங்கையும் அகத்தியும் நடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 முருங்கை, விதைத்த ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கூரையில் பூசணியும் சுரையும், பந்தலில் அவரையும் புடலும் ஏறும். இடமில்லாதவர்கள் பழைய சாக்கிலோ உடைந்த குடத்திலோ மண் நிரப்பிக் கீரை விதைக்கலாம். முளைக்கீரை விதைத்த மூன்று, நான்கு வாரங்களில் பறிக்கும் பதத்துக்கு வரும். வாரம் ஒரு சாக்கில் விதைத்து வந்தால் கீரை ஒருபோதும் தீராது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது வயலுக்கு மட்டும் உரிய பழமொழி அன்று, கொல்லைக்கும் உரியதே.

விலை வீழ்ச்சியடையும் காலத்தில் தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டுவதையும், கத்தரியை வயலிலேயே விட்டுவிடுவதையும் அவ்வப்போது காண்கிறோம். அக்காலத்தில் கத்தரி, கொத்தவரை, சுண்டை, மாங்காய் ஆகியவற்றை வற்றலாக்கி வைத்துக்கொண்டால் காய் கிடைக்காத மாதங்களில் உதவும். உலரும்போது வைட்டமின் ‘சி’ பெரும்பாலும் போய்விடும்; நார்ச்சத்தும் தாது உப்புகளும் தங்கும்.

பஞ்சாயத்தின் கடமை

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பதில் நம் மாநிலம் வழிகாட்டியாக விளங்கி வந்திருக்கிறது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி. இராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023இல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அதில் காய்கறிச் சாம்பாரும் இடம்பெற்றது. அரசு அரிசியையும் பருப்பையும் அனுப்ப முடியும். அன்று பறித்த கீரையை அந்த ஊரார்தான் தர முடியும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் சில பணிகளை மேற்கொள்ளலாம். அங்கன்வாடி, பள்ளி, பொதுக் கிணறு, தெருக்குழாய் ஆகியவற்றின் அருகே வழியும் நீரைக் கொண்டு முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, நெல்லி, எலுமிச்சை ஆகியவற்றை நட்டு, அவற்றைக் காக்கும் பொறுப்பை அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கலாம். ஆடி பிறக்கும் முன் தோட்டக்கலைத் துறையினரை அணுகிக் காய்கறி விதைகளை வருவித்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வாயிலாக வீடுதோறும் வழங்கலாம். கிராம சபை கூடும் நாளில், அக்குழுப் பெண்களைக் கொண்டு ஏழு காய்க் கூட்டையும் கோசுமல்லியையும் சமைத்து, வந்தவர்க்கெல்லாம் வழங்கலாம். நூறு சொற்பொழிவுகளைவிட ஒரு கிண்ணம் கூட்டு நன்றாகப் பேசும். 1999இல் மதுரையில் தோன்றிய உழவர் சந்தையைப் போல, ஊரிலும் வாரம் ஒருநாள் மரத்தடியில் சிறு சந்தை கூட்டலாம். ஒருவர் வீட்டில் மிகுந்த பூசணியும் மற்றவர் வீட்டில் மிகுந்த அவரையும் அங்கே கைமாறினால், இரு வீட்டிலும் பல காய்ச் சமையல் நடக்கும்.

இவற்றுள் எதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வேண்டுவன இரண்டே: கொல்லையில் ஒரு பாத்தி, தட்டில் இடம். சோற்றைச் சற்று ஒதுக்கி அந்த இடத்தைக் காய்க்குக் கொடுப்போம். வரும் வாரத்தில் ஒரு நாள் இவ்வாறு சமைத்துப் பார்க்குமாறும், அன்று தாய்க்குரிய பங்கு முதலில் எடுத்து வைக்கப்பட்டதா என்பதை வீட்டுத் தலைவரே கவனிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் செய்தவர் மறுநாளும் செய்வார் என்பதில் நமக்கு ஐயமில்லை.